சுருளில் உறங்கும் வரலாறு: வக்ஃபு செய்ய யார் வருவீர்?



1992ஆம் ஆண்டு மே 17ஆம் நாள். போஸ்னியத் தலைநகர் சரயேவோவை முற்றுகையிட்டிருந்த செர்பியப் படையினர், நகரைச் சுற்றியுள்ள குன்றுகளின் மீதிருந்து குண்டுகளை வீசினார்கள். அன்று அவை விழுந்தது ஆயுதக் கிடங்கின் மீதல்ல; படை முகாமின் மீதும் அல்ல. கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் என்ற நூலகத்தின் மீது! அரபி, பார்ஸி, துருக்கி மொழிகளிலும், அரபி எழுத்தில் எழுதப்பட்ட போஸ்னிய மொழியிலும் இருந்த 5,263 கையெழுத்து நூல்கள் சாம்பலாயின. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 25ஆம் நாள் இரவு, அந்நாட்டின் தேசிய நூலகமும் தீக்கிரையானது.

நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதி அரபுத்தமிழை வளர்த்தார்கள் அல்லவா? அதே போல போஸ்னிய முஸ்லிம்களும் தங்கள் தாய்மொழியை அரபி எழுத்தில் எழுதி வளர்த்திருந்தார்கள். அந்தச் செல்வமும் அந்தத் தீயில் போனது.

மனிதர்களைக் கொல்ல வந்தவர்களுக்குப் புத்தகங்கள் மீது ஏன் இத்தனை கோபம்? சிந்தியுங்கள்! ஒரு மக்கள் கூட்டத்தை ஊரை விட்டு விரட்டலாம். ஆனால் "இவர்கள் இங்கே 500 ஆண்டுகள் வாழ்ந்தார்கள்" என்று சாட்சி சொல்லும் காகிதம் இருக்கும் வரை விரட்டியவனுக்கு நிம்மதி இல்லை. அதனால்தான் சாட்சியை எரித்தார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அதன் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரித்தவர்களின் நோக்கமும் இதுவன்றி வேறென்ன?

சரயேவோவின் கதை அத்தோடு முடியவில்லை. நாம் பாடம் பெற வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. எரிந்த நூல்களின் நகல் உலகில் எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா என்று 1994இல் அமெரிக்காவிலிருந்த சில ஆய்வாளர்கள் தேடத் தொடங்கினார்கள். போருக்கு முன் சரயேவோ சென்று படித்த வெளிநாட்டு அறிஞர்கள், தங்கள் சொந்த ஆராய்ச்சிக்காக எடுத்து வந்த மைக்ரோஃபிலிம்களும் ஒளிநகல்களும் அவரவர் வீட்டு அலமாரிகளில் கிடந்தன. அவற்றிலிருந்து ஒரு சிறு பகுதி மீண்டது. மூலம் எரிந்த பின்பு, யாரோ ஒருவர் எப்போதோ எடுத்து வைத்த படச்சுருளே ஒரே சாட்சியாக நின்றது!

ஒரு நகல் எடுத்து வைப்பதற்கும் வைக்காமல் விடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் சகோதரர்களே!

தீ இல்லாமலே எரிகிறது

நம் ஊரில் யாரும் குண்டு போடவில்லையே என்று நிம்மதி கொள்ள வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நாளேடுகள் அச்சான காகிதம் மரக்கூழால் ஆனது. அதனுள்ளேயே அமிலம் இருக்கிறது. ஆண்டு செல்லச் செல்ல அது பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் அப்பளமாகிவிடும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றும் கரையானும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. புகையும் தீயும் இல்லாமலே நம் பழைய ஏடுகள் எரிந்து கொண்டிருக்கின்றன.

இதற்கு உலக நூலகங்கள் கண்ட வழிதான் மைக்ரோஃபிலிம் என்னும் நுண்படச் சுருள். நாளேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் சின்னஞ்சிறு படமாகப் பிடித்து வைப்பார்கள். வங்கிக் காசோலைகளைப் படமெடுத்து வைக்க 1920களில் அமெரிக்காவில் பழக்கத்துக்கு வந்த முறை இது. வணிகர் தேவைக்குப் பிறந்த கருவி பின்னர் நூலகங்களின் காவலனாக மாறியது. 1930களிலிருந்து பெரிய நாளேடுகள் இப்படிச் சுருளில் ஏறின.

நம் ஏடுகள் எங்கே?

1887ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார ஏடு பிறந்தது. நடத்தியவர் மகுதூம் சாயிபு என்னும் தமிழ் முஸ்லிம். 1890 வரை வெளிவந்தது. அக்காலத்துத் தமிழ் வணிகர்களின் செய்திகளும், கப்பல் வரத்தும், ஊர் வழக்குகளும், வாசகர் கடிதங்களும் அதில் இருக்கின்றன. இன்று அந்த ஏட்டை நீங்கள் உங்கள் கைபேசியிலேயே, காசு எதுவும் கொடுக்காமல் படிக்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் தன்னிடமுள்ள நுண்படச் சுருள்களைக் கணினி வடிவில் மாற்றி, பழைய நாளேடுகளுக்கென்றே ஒரு தளம் அமைத்து, உலகுக்குத் திறந்து வைத்திருக்கிறது. அதில் 'சிங்கை நேசனும்' ஒன்று.

இது எப்படி நடந்தது? யாரோ அந்தக் காகிதத்தைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார்கள். யாரோ அதைப் படமெடுத்தார்கள். யாரோ அந்தப் படத்தைக் கணினிக்கு மாற்றப் பணம் ஒதுக்கினார்கள். இந்த மூன்று கண்ணிகளில் ஒன்று அறுந்திருந்தாலும், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நம்மவர் ஒருவர் கடல் கடந்து பத்திரிகை நடத்தினார் என்பதை நாம் படித்தறிய வழியே இல்லை. வெறும் செவிவழிச் செய்தியாகப் போயிருக்கும்.

இலங்கையில் சித்தி லெப்பை அவர்கள் 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்', பா. தாவூத் ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்', பின்னர் வந்த 'பிறை', 'மணிவிளக்கு', 'மறுமலர்ச்சி'... பெயர்களை மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் இவற்றின் எல்லா இதழ்களையும் வரிசையாக எடுத்துக் காட்ட உங்கள் ஊரில் ஒருவரால் முடியுமா? எந்த ஆண்டு இதழ் எந்த நூலகத்தில் காகிதமாக இருக்கிறது, எது சுருளாக இருக்கிறது, எது இரண்டுமாக இல்லை என்று ஒரு பட்டியலாவது நம் ஜமாஅத்துகளிடம் உண்டா?

காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு பெயர்ப்பலகை ஓவியர் இருந்தார். அவர் பெரும் செல்வரல்லர். வாழ்நாள் முழுதும் பழைய நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். நாடக நோட்டீஸைக் கூட விடவில்லை. 1992இல் அவர் மறைந்தபோது சேர்ந்திருந்தவை சுமார் ஒரு இலட்சம். அதை விலை கொடுத்து வாங்கியது யார்? கடல் கடந்த சிக்காகோ பல்கலைக்கழகம்! ஆனால் அவர்கள் அதை அமெரிக்காவுக்கு அள்ளிச் செல்லவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நூல்களை நுண்படமாக்குவதே அதன் தலையாய பணியாகத் தொடங்கியது. தமிழரின் அச்சு வரலாற்றைப் பாதுகாக்க ஒரு தனி மனிதரின் உழைப்பும், ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பணமும் வேண்டியிருந்தன. அவர்களைப் பாராட்டுவோம். ஆனால் நம் ஏடுகளுக்கும் யாரோ அயலார் வந்துதான் பணம் கட்ட வேண்டும் என்று கைகட்டி நிற்பது முறையா?

சுருளுக்கும் ஆயுள் உண்டு

"சுருள் இருக்கிறதே, பிறகு என்ன?" என்று கேட்கலாம். சுருளும் எல்லாம் ஒன்றல்ல. பழைய சுருள்களில் பெரும்பாலானவை அசிட்டேட் என்னும் பொருளால் ஆனவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதையத் தொடங்கும். பெட்டியைத் திறந்ததும் புளிக்காடியின் நெடி மூக்கில் ஏறும். அந்த நெடி வந்துவிட்டால் சுருள் சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது சுருங்கும், வளையும், முடிவில் படம் தாங்கிய மேற்பூச்சு உரிந்து வந்துவிடும். ஒரு சுருளில் தொடங்கிய சிதைவு, வெளியாகும் அமில ஆவியால் பக்கத்துப் பெட்டிகளில் உள்ள சுருள்களையும் விரைவுபடுத்தும். பின்னாளில் வந்த பாலியெஸ்டர் சுருள்கள் உறுதியானவை. முறையாகக் கழுவி, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்தால் 500 ஆண்டு நிற்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுருளைப் படிக்க அதற்கென்று ஒரு கருவி வேண்டும். அது பழுதானால் உதிரிபாகம் கிடைப்பது அரிது. கருவி வேலை செய்தாலும் நூலகத்துக்கு நேரில் போய் இருட்டறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக உருட்ட வேண்டும். கடையை விட்டு வர முடியாத வணிகரும், கல்லூரிக்குப் போகும் மாணவரும் இதைச் செய்வார்களா? ஆகவேதான் சுருளில் உள்ளதைக் கணினி வடிவுக்கு மாற்ற வேண்டும் என்கிறோம்.

வேலை எப்படி நடக்க வேண்டும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுத்தால் பணமும் போகும், ஏடும் போகும். எனவே பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பட்டியல். எந்த ஏடு, எந்த ஆண்டு, எந்த நூலகம், காகிதமா சுருளா, ஏற்கனவே கணினியில் ஏறியதா என்று எழுத வேண்டும். இதைச் செய்யாமல் இறங்கினால் ஒருவர் செய்ததையே இன்னொருவர் செய்து பணத்தைக் கரைப்பார்.

இரண்டாவது, சுருளைச் சோதித்தல். நெடி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். நல்ல நூலகங்கள் மூன்று தலைமுறைச் சுருள் வைத்திருக்கும். முதலாவது மூலச் சுருள். அதை யாரும் தொடக்கூடாது. இரண்டாவது அதிலிருந்து நகலெடுக்க வைத்திருப்பது. மூன்றாவது வாசகர் பார்ப்பது. வாசகர் பார்த்துப் பார்த்துக் கீறல் விழுந்த சுருளிலிருந்து கணினிப் படம் எடுத்தால் கீறலும் சேர்ந்து வரும். இரண்டாவது சுருளிலிருந்தே எடுக்க வேண்டும்.

மூன்றாவது, படமெடுத்தல். வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் மங்கிய எழுத்து மறைந்துவிடும். சாம்பல் நிறச் சாயல்களோடு, மூலப் பக்கத்தின் ஓர் அங்குலத்துக்கு 300 முதல் 400 புள்ளிகள் என்ற தரத்தில் எடுக்க வேண்டும். எடுத்த பின் பக்கம் விடுபட்டதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, பெயரிடுதல். சரக்கு வந்து இறங்கியும் பேரேட்டில் பதிவு இல்லை என்றால் அந்தச் சரக்கு இருந்தும் இல்லாதது போலத்தானே? அதுபோல ஏட்டின் பெயர், தேதி, இதழ் எண், பக்க எண் ஆகியவை ஒவ்வொரு படத்தோடும் பதிய வேண்டும்.

ஐந்தாவது, எழுத்தறிதல். படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்து, தேடினால் கிடைக்கும்படி செய்யும் முறை இது. ஆனால் 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிப்பதற்கு முன் அச்சான ஏடுகளில் 'னை', 'லை', 'றா' போன்றவை பழைய வடிவில் இருக்கும். கணினி இவற்றில் தடுமாறும். இடையிடையே அரபி வாசகம் வந்தால் இன்னும் தடுமாறும். அரபுத்தமிழைப் படிக்கவோ, அதைக் கற்ற மனிதக் கண்ணே வேண்டும். ஆகவே மனிதர் உட்கார்ந்து பிழை திருத்தியாக வேண்டும்.

ஆறாவது, பாதுகாத்தல். மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானபோது, எஞ்சியவர்களும் போய்விடுவார்களோ என்று அஞ்சி உமர் (ரலி) அவர்கள் வற்புறுத்த, அபூபக்கர் (ரலி) அவர்கள் அதை ஒன்று திரட்டும் பொறுப்பை ஜைது பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்த வரலாறு நமக்குத் தெரியும். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுத்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். இறைவேதத்தோடு நம் பத்திரிகைகளை ஒப்பிடுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அறிந்தவர்கள் மறைவதற்கு முன் திரட்டு, ஓரிடத்தில் மட்டும் வைக்காதே என்ற ஒழுங்கை நாம் அங்கிருந்து கற்கிறோம்.

ஏழாவது, மிக முக்கியமானது. கணினியில் ஏற்றியாயிற்று என்று சுருளையோ காகிதத்தையோ எறிந்துவிடக் கூடாது! சுருள் எடுத்த பின் மூல நாளேடுகளைக் கழித்துக் கட்டிய பெரிய நூலகங்களின் செயலை நிகல்சன் பேக்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2001இல் ஒரு நூல் முழுதும் கண்டித்து எழுதினார். சுருளில் மங்கலாக விழுந்த பக்கத்தைப் பிறகு பார்க்க மூலம் இல்லாமல் போனதே என்பது அவரது குமுறல். நகல் என்பது மூலத்துக்குத் துணை, மாற்று அல்ல.

யார் பணம் தருவது?

இங்கேதான் வணிகப் பெருமக்களோடு பேச வேண்டியிருக்கிறது. உங்கள் மொழியிலேயே கணக்குப் போடுவோம்.

ஒரு வார ஏடு. இதழுக்கு 8 பக்கம். ஆண்டுக்கு 52 இதழ் என்றால் 416 பக்கம். பத்து ஆண்டுக்கு 4,160 பக்கம். நூறு அடிச் சுருள் ஒன்றில் பெரிய நாளேட்டுப் பக்கங்கள் சுமார் 600 முதல் 800 வரை அடங்கும். ஆக, பத்தாண்டு வரலாறு ஏழு சுருளுக்குள் முடிந்துவிடுகிறது! ஒரு பக்கத்தை உயர்தரத்தில் எடுத்தால் சுமார் 50 எம்.பி. என்று வைத்துக்கொண்டாலும், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 208 ஜி.பி. சட்டைப்பையில் வைக்கும் ஒரு சிறு தட்டிலேயே அடங்கிவிடும்.

"இவ்வளவுதானா? நானே ஒருவனாகக் கொடுத்துவிடுவேனே!" என்று உங்களில் பலர் எண்ணலாம். அல்ஹம்துலில்லாஹ், அந்த மனம் வாழ்க! ஆனால் செலவு படமெடுப்பதோடு முடிவதில்லை என்பதைக் கவனியுங்கள். பெயரிடுவது, பிழை திருத்துவது, தளத்தை நடத்துவது, சில ஆண்டுக்கு ஒருமுறை பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்கு மாற்றுவது என்று பெரும் செலவு அதற்குப் பின்னரே வருகிறது. அது நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். கடை திறப்பு விழாவுக்குக் கொடுத்த பணத்தில் கடையின் மாத வாடகை கட்ட முடியுமா?

உலகத்தில் பெரிய பெரிய இடங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. கூகுள் நிறுவனம் 2008இல் பழைய நாளேடுகளைச் சுருள்களிலிருந்து கணினியில் ஏற்றப் பெரும் திட்டம் அறிவித்தது. 2011இல் நிறுத்திக்கொண்டது. அவர்களிடம் இல்லாத பணமா? வணிக நிறுவனத்துக்கு இலாபக் கணக்கு மாறினால் வரலாற்றின் கணக்கும் மூடப்படும்.

அரசு நிதி? ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' என்னும் தளம் உலகமே மெச்சும் பழைய நாளேட்டுக் களஞ்சியம். 2023 ஜூன் மாதத்துக்குப் பின் நடத்தப் பணமில்லை என்ற நிலை அதற்கே வந்தது. மக்கள் குரலெழுப்பிய பிறகு அந்நாட்டு அரசு நான்காண்டுகளுக்கு 3.3 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது. மக்களுக்கு அந்தத் தளம் பயன்பட்டது, அதனால் குரல் எழுந்தது, அதனால் பிழைத்தது.

அயல்நாட்டு அறக்கட்டளை? லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் 2004 முதல் 'அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள் திட்டம்' என்று ஒன்று ஆர்க்கேடியா அறநிதியின் துணையோடு நடக்கிறது. மூல ஆவணத்தை அந்தந்த நாட்டை விட்டு எடுத்துச் செல்வதில்லை, நகலை மட்டுமே எடுக்கிறார்கள் என்பது அதன் சிறப்பு. தகுதியுள்ள நூலகங்கள் அதற்கு விண்ணப்பிக்கட்டும். ஆனால் 2023 அக்டோபரில் கணினிக் கொள்ளையர் அதே பிரிட்டிஷ் நூலகத்தைத் தாக்கியபோது அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. எத்தனை பெரிய கோட்டையானாலும் ஒரே கோட்டையை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வக்ஃபே வழி

ஒரு முறை கொடுத்துத் தீராத செலவுக்கு, ஒரு முறை வசூல் எப்படிப் போதும்? இந்தக் கேள்விக்கு நம்மிடம் 1400 ஆண்டுகளாக விடை இருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து, விளைச்சலை நற்பணிக்குச் செலவிடும் வழி காட்டப்பட்டது. அந்த நிலத்தை விற்கவும் முடியாது, வாரிசுக்குப் பங்கிடவும் முடியாது. பலன் மட்டும் ஆண்டாண்டாகப் போய்ச் சேரும். சரயேவோவில் 1537இல் காஸி ஹுஸ்ரவ் பேக் அவர்களின் வக்ஃபால் உருவான நூலகம், அந்தப் போரின்போது நூல்களை இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றி, இன்றும் நின்று பணி செய்கிறது. வக்ஃபு எத்தனை நூற்றாண்டு தாங்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே நாம் வைக்கும் கோரிக்கை இது. ஊர்தோறும் ஒரு கடை வாடகை. ஆம், ஒரே ஒரு கடை வாடகை! வசதியுள்ள ஒரு வணிகரோ, நான்கு வணிகர் சேர்ந்தோ ஒரு கடையின் வருமானத்தை ஏடு பாதுகாப்புக்கென்று நிறுத்தி வையுங்கள். சட்டப்படி வக்ஃபாகவோ அறக்கட்டளையாகவோ எழுதிப் பதிவு செய்யுங்கள். அந்த வருமானம், சுருளையும் ஆளையும் கருவியையும் ஏற்கனவே வைத்திருக்கும் தகுதியான நூலகத்துக்கு, எழுத்துப்பூர்வமான உடன்படிக்கையின் பேரில் போகட்டும். தனியாக ஒரு கட்டடம் கட்டிப் பெயர்ப்பலகை மாட்டி, திறப்பு விழா நடத்திப் பூட்டிவிடும் வேலை வேண்டவே வேண்டாம்! நமக்கு வேண்டியது பலகையல்ல, பக்கம்.

உடன்படிக்கையில் மூன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். ஏடு பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு பிரதி உங்கள் ஊருக்கும் வர வேண்டும். மூலத்தை எறியக்கூடாது.

சட்ட வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவுள்ள அறக்கட்டளைக்குக் கொடுப்பவர் வரிச்சலுகைக்கான விதிகளைத் தம் கணக்காளரிடம் கேட்டறியலாம். ஆண்டு நிகர இலாபம் 5 கோடி ரூபாய்க்குக் குறையாத நிறுவனங்கள், 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின்படி சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பண்பாட்டு மரபைக் காப்பதும் பொது நூலகம் அமைப்பதும் அச்சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கின்றன. நம்மில் தோல் தொழிலும் ஏற்றுமதியும் நடத்தும் பெரிய நிறுவனத்தார் இதைக் கவனிக்கட்டும். வளைகுடாவில் உழைக்கும் இந்தியக் குடியுரிமையுள்ள சகோதரர்கள் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அயல்நாட்டுக் குடிமக்களிடமோ அமைப்புகளிடமோ பெறுவதற்கு அரசின் முன்பதிவு தேவை. இதில் விளையாட்டாக இருந்துவிடக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஜகாத் பணத்தை இதற்குத் தொடாதீர்கள். அது எட்டுக் கூட்டத்தாருக்கு உரியது, ஏழையின் உரிமை. இது ஸதகாவாலும் வக்ஃபாலும் நடக்க வேண்டிய பணி.

"பசித்தவன் வாசலில் நிற்கும்போது பழைய காகிதத்துக்கு என்ன அவசரம்?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஏழையின் பங்கு அவனுக்குத் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் நாம் கை வைக்கவில்லை. மேலும், ஒரு கப்ருஸ்தான் யாருடையது என்று வழக்கு வரும்போது, ஒரு தெருவுக்கு யார் பெயர் இருந்தது என்று கேள்வி வரும்போது, விடுதலைப் போரில் உங்கள் பங்கு என்ன என்று ஒருவன் மேடையில் ஏளனம் செய்யும்போது எதைக் காட்டப் போகிறோம்? அன்றைய நாளேட்டின் ஒரு மூலைச் செய்தியும், ஓர் அரசிதழ் அறிவிப்பும் அப்போது ஆயிரம் மேடைப் பேச்சை விட வலியவை. ஆவணம் இல்லாதவன் சொத்தை இழந்த கதைகள் நம் ஊர்களில் குறைவா? ஏழையின் வாரிசுக்கும் அந்த ஆவணம்தான் காவல்.

இளைஞர்களே!

பணம் வணிகர் தரட்டும். உழைப்பு உங்களுடையது.

ட்ரோவ் தளத்தில் கணினி தவறாகப் படித்த வரிகளை ஆஸ்திரேலியப் பொதுமக்களே வீட்டில் உட்கார்ந்து திருத்துகிறார்கள். ஓய்வு பெற்றவர்களும் மாணவர்களும் நாளுக்குச் சில வரிகள் என்று திருத்தித் திருத்தி, கோடிக்கணக்கான வரிகளைச் சீர் செய்துவிட்டார்கள். கைபேசியில் மணிக்கணக்கில் விரலை ஓட்டும் நம் இளைஞர்களுக்கு இது முடியாதா? நாளுக்கு இருபது வரி! மதரஸாவில் ஓதும் மாணவர்களே, அரபுத்தமிழைப் படிக்கும் கண் இன்று உங்களிடமும் உங்கள் ஊர் மூத்த பெண்களிடமும்தான் மிஞ்சியிருக்கிறது. அவர்கள் போய்விட்டால் படம் இருக்கும், படிக்க ஆள் இருக்காது.

இன்றே தொடங்க வேண்டிய முதல் வேலைக்குப் பணமே தேவையில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் அலமாரி, பழைய வாசகசாலை, பாட்டனார் வீட்டுப் பரண் ஆகியவற்றைப் பாருங்கள். கிடைக்கும் பழைய ஏட்டின் பெயர், தேதி, இருக்கும் இடம், அதன் நிலை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கட்டைப் பிரித்து, மடித்து, ஒட்டி, பிளாஸ்டிக் காகிதம் போர்த்தி "சீர் செய்ய" முயலாதீர்கள். உலர்ந்த இடத்தில் படுக்கையாக வைத்துவிட்டு நூலகத்தாரிடம் காட்டுங்கள். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் பதிப்புரிமையையும் பாருங்கள். நம் நாட்டில் எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை அவர் வாரிசுக்கு உண்டு. அனுமதி கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ந்தே கொடுப்பார்கள். கேட்காமல் எடுப்பது நமக்கு ஆகாது.

சகோதரர்களே! நம் வரலாற்றை மறைக்கிறார்கள் என்று எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். அந்த முழக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் மறைப்பவன் வேலையை நம் அலட்சியமே பாதி முடித்துக் கொடுத்தால் யாரிடம் முறையிடுவது? சரயேவோ மக்களுக்குக் குண்டு விழும் நாள் முன்கூட்டித் தெரியாது. நமக்கோ சுருளின் நெடியும் காகிதத்தின் பழுப்பும் ஒவ்வொரு நாளும் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஒரு கடை வாடகை. ஒரு நோட்டுப் புத்தகம். நாளுக்கு இருபது வரி. இந்த மூன்றையும் அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் மஹல்லாவில் பேசி முடிவெடுங்கள். நாம் கப்ருக்குப் போன பின்னும் நன்மை வந்து சேரும் ஸதகத்துல் ஜாரியாவாக அது நிலைக்கும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, இப்பணியை நம் கைகளால் நிறைவேற்றித் தருவானாக! ஆமீன்.